வட்டம் போட்ட வீடு

மார்ச் 3

அன்புள்ள தொட்டாச்சிணுங்கிக்கு,

அண்ணன் எழுதுறேன். நான் உயிரோடதான் இருக்கேன். முட்டி மட்டும் என்னைக் கேக்காம தனியா முடிவெடுக்குது. உக்காரலாம்னா எந்திரிக்கணுங்குது, எந்திரிச்சா உக்காருங்குது. உன் மூச்சிரைப்பு எப்படி? மகன், மருமக, பேரப்பய எல்லாரும் சுகமா? நீ சுகம்னுதான் எழுதுவ, எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

விஷயத்துக்கு வர்றேன். போன செவ்வாக்கிழமை டீக்கடைக்குப் போயிட்டுத் திரும்பினா, நம்ம வீட்டு முன் சுவத்துல, ஜன்னலுக்குக் கீழ, ஒரு சிவப்பு வட்டம். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். பெயிண்ட் வழிஞ்சு வட்டத்துக்குத் தாடி மொளச்சிருக்கு. நம்ம வரிசையில பால்காரர் வீட்டுலயும் போட்டோக்காரர் வீட்டுலயும் இதே தாடிக்காரன்.

எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் பாத்திருக்காரு. "நகராட்சி ஆளுங்க. டேப்பு புடிச்சு அளந்தாங்க, சுவத்தைத் தட்டிப் பாத்தாங்க, வட்டம் போட்டாங்க, போயிட்டாங்க"ன்னாரு.

"எதுக்குன்னு கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். எங்களைப் போடத்தான் சொன்னாங்க, சொல்லச் சொல்லலைன்னுட்டாங்க."

அவரு வீடு புதுசாக் கட்டுன கான்கிரீட்டு. அதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அந்தத் தெம்புல மனுஷன் காம்பவுண்டு மேல கையை ஊனிக்கிட்டு, "போன மழைக்குப் பின்தெருவுல ஒரு வீடு சரிஞ்சுதே, அதுலேர்ந்து பழைய வீடெல்லாம் இடிக்கிறதாக் கேள்வி"ங்குறாரு. சொல்லும்போது முகத்துல என்னா ஒரு துக்கம்! லட்டு தின்ன மாதிரி.

நீ பயந்துக்காத. வீட்டுல பாதி உனக்குன்னு அப்பா எழுதி வச்சதால சொல்றேன். நான் நல்லா அளந்து பாத்துட்டேன், வட்டம் உன் பாதியிலதான் இருக்கு. நான் தப்பிச்சேன்.

இப்படிக்கு, ஓடுற பஸ்ஸை விட்டு எறங்கினாலும் வாயை விட்டு எறங்காத
உன் அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி வணக்கம். இங்க எல்லாரும் சௌக்கியம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டான். காலையில அவன் வண்டி ஏறிப் போனதும் வீடு அமைதியாயிடுது. என் மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. முட்டிக்கு எண்ணெய் தடவுறீங்களா, இல்ல கதை சொல்லியே ஆத்துறீங்களா?

வட்டம்னு படிச்சதும் அந்த வரியையே நாலு தடவை திருப்பிப் படிச்சேன். இதுல என்ன விளையாட்டு உங்களுக்கு? நிஜமாவே இடிச்சுடுவாங்களா? எப்போ? முழுசா இடிப்பாங்களா, முன்னாடி மட்டுமா? யாரையாவது நேராப் போய்க் கேளுங்க.

எங்க எதிர் ஃபிளாட்டுல ஒருத்தர் இருக்கார். ரோடு போட்ட விவரத்தை நகராட்சிகிட்ட எழுதிக் கேட்டு வாங்கினார். தகவல் கேக்குறதுக்குன்னே ஒரு சட்டம் இருக்காம். வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும், அவங்க பதில் சொல்லியே ஆகணுமாம். ஆபீஸ்ல "தகவல் அலுவலர்"னு ஒருத்தர் அதுக்குன்னே இருப்பாராம். நீங்களும் எழுதுங்க. தயவுசெஞ்சு உடனே எழுதுங்க.

பின் ரூம் இப்ப எப்படி இருக்கு? முன்னெல்லாம் ஜன்னல் சாத்தாது. இப்பச் சாத்துதா? ஈரம் ஏறுதா? சும்மாதான் கேக்குறேன்.

உங்க பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி

பி.கு: இனிமே வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். கீழ ஒரு தையல் கடை இருக்கு. அந்த விலாசம் உறையில எழுதியிருக்கேன். இங்க தபால் பெட்டி உடைஞ்சு கிடக்கு.


ஏப்ரல் 22

அடி தொட்டாச்சிணுங்கி,

நான் சுகம். முட்டியும் சுகம்னு சொல்லச் சொல்லுது. உன் தபால் பெட்டியும் சுகமாயிடுச்சா? ஒரு பொட்டி ஒடைஞ்சா உன் மகன் ஒரு ஆணி அடிக்க மாட்டானா? இஞ்சினீயர்தானே? இல்ல, இந்த வயசுல உனக்கு ரகசியக் கடிதாசு ஏதாச்சும் வருதா? அண்ணன்கிட்டச் சொல்லு, நான் அந்த ஆளைப் பாத்துப் பேசுறேன்.

நீ சொன்னபடி மனு எழுதிட்டேன். வாத்தியார் எழுதித் தர்றேன்னாரு. வேண்டாம் சார், நீங்க எழுதினா அவங்க மார்க்குக் கேப்பாங்கன்னு நானே எழுதினேன். நான் எழுதினதை அப்படியே இங்க குடுக்குறேன், படிச்சு ரசி.

ஒண்ணு: என் சுவத்துல வட்டம் போட்டது யாரு?
ரெண்டு: ஏன் போட்டாரு?
மூணு: வட்டம் ஒரு பக்கம் சப்பையா இருக்கு. போட்டவருக்கு வட்டம் வரையத் தெரியுமா? தெரியாதுன்னா ஏன் சதுரம் போடல?
நாலு: இதே வட்டத்தை உங்க வீட்டுச் சுவத்துல போட்டா உங்க வீட்டம்மா என்ன சொல்லுவாங்க?

ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி போட்ட அம்மா உக்காந்திருக்கு. அதுதான் தகவல் அலுவலர். படிச்சுக்கிட்டே வந்துச்சு, நாலாவதுல நின்னுச்சு. கண்ணாடியை எறக்கி என்னைப் பாத்துச்சு. சிரிப்பு வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியல, அதுக்கே தெரியல போல. முத்திரையைக் குத்தி நகலைக் கையில குடுத்துச்சு.

நேத்துப் பதில் வந்துச்சு. "வினா ஒன்று, இரண்டு: அனுமானங்களுக்கும் காரணங்களுக்கும் இச்சட்டத்தின் கீழ்ப் பதிலளிக்க இயலாது. வினா மூன்று, நான்கு: தகவல் என்ற வரையறைக்குள் வராது." அவ்வளவுதான். ஒரு மாசம் போச்சு. ஆனா ஒண்ணு, என்னை எவ்வளவு மரியாதையா "மனுதாரர்"ன்னு போட்டிருக்காங்க தெரியுமா? முப்பது வருஷம் பஸ்ல "யோவ் கண்டக்டர்"னுதான் கூப்பிட்டானுங்க.

உன் ரூமு ஜன்னல் சாத்துது. நானே சீவி விட்டேன். எதுக்குடி கேக்குற?

உன் மனுதார அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமா இருக்கணும்.

படிச்சுட்டுச் சிரிச்சேன், அப்புறம் அழுகையே வந்துடுச்சு. ஒரு மாசத்தை நாலு கேள்வியில தொலைச்சுட்டு, மரியாதையாப் போட்டாங்கன்னு சந்தோஷப்படுறீங்க. மழைக்காலம் வர்றதுக்குள்ள இடிக்கிறதுன்னு முடிவு பண்ணியிருந்தா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விளையாடாம இருங்க அண்ணா.

எதிர் ஃபிளாட்டுக்காரர் தையல் கடைக்கு வந்தப்போ அவரைக் கேட்டேன். ஏன், எதுக்குன்னு கேட்டா அவங்க பதில் சொல்ல வேண்டியதில்லையாம். அவங்க கையில இருக்கிற காகிதத்தைத்தான் கேக்கணுமாம். கீழ இருக்கிறதை மட்டும் எழுதுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம்:

"எங்கள் தெருவில் பழைய வீடுகளைப் பார்வையிட்டு எழுதிய ஆய்வறிக்கையின் நகல் வேண்டும். அந்த வீடுகளின் சுவரில் இட்ட குறி எதைக் குறிக்கிறது என்று ஆணையிட்ட கடிதத்தின் நகல் வேண்டும்."

எழுதி, கையெழுத்துப் போட்டு, குடுத்துட்டு, வாயை மூடிக்கிட்டு வந்துடுங்க.

பின் ரூம்ல ஒரு தையல் மிஷின் வைக்க இடம் இருக்குமா? கட்டில் போட்டது போக?

தங்கச்சி


ஜூன் 14

அம்மா தாயே தொட்டாச்சிணுங்கி,

நல்லா இருக்கேன். நீ எழுதினதை எழுத்துக்கு எழுத்து எழுதி, வாயை மூடிக்கிட்டுக் குடுத்தேன். அந்தம்மா என்னைப் பாத்து, "உடம்பு சரியில்லையா ஐயா?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவு அமைதி.

ஆனா பதில்ல "கோப்பு தேடப்பட்டு வருகிறது"ன்னு இருக்கு. போன வாரமும் தேடுனாங்க, இந்த வாரமும் தேடுறாங்க. கோப்பு என்ன சந்தையில காணாமப் போன ஆட்டுக்குட்டியா?

இதுக்கிடையில தெருவுல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. பால்காரர் கூரை ஓடு மாத்த வச்சிருந்த சாமானை அப்படியே கட்டிப் போட்டுட்டாரு, இடிக்கிற வீட்டுக்கு எதுக்குன்னு. போட்டோக்காரர் மாடியில குடியிருந்தவங்க வட்டத்தைப் பாத்துட்டுச் சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிட்டாங்க. டீக்கடையில இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு.

"ஏம்ப்பா, இடிக்க வர்றவன் எதைப் பாத்து இடிப்பான்? வட்டத்தைப் பாத்து. வட்டமே இல்லைன்னா?"

அம்புட்டுப் பேரும் என்னைப் பாத்தாங்க. போட்டோக்காரர் எந்திரிச்சுக் கையே குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை மூணு வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சாச்சு! ரெண்டு கோட்டு. தாடிக்காரன் போன எடம் தெரியல. வாத்தியார் அந்தப் பக்கத்துலேர்ந்து, "அது என்னன்னு தெரியாம அழிக்கிறது முறையில்ல"ன்னாரு. "சார், உங்க வீட்டுல வட்டம் இல்லைங்குற பொறாமைதானே?"ன்னேன். பட்டுனு ஜன்னலைச் சாத்திட்டாரு.

மிஷின் தாராளமா வைக்கலாம். உன் ரூமுல சுவத்துக்கு ஒரு பெரிய காலண்டர் வாங்கி மாட்டியிருக்கேன். அருவிப் படம் போட்டது. அழகா இருக்கு.

மிஷினு, கட்டிலு, ஜன்னலு... என்னடி, வந்து தங்கப் போறியா? சொன்னா மேளதாளத்தோட வருவேனே. சொல்லாம வந்தா டிக்கெட் இல்லாப் பயணம்னு எறக்கி விட்டுருவேன்.

யோசனைக்காரன்,
உன் அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம்.

வட்டத்தை அழிச்சுட்டீங்களா? அது என்னன்னே தெரியாமயா? கோப்பு அவங்ககிட்ட இருக்கும்போது சுவரை அழிச்சு என்ன ஆகப்போகுது? வாத்தியார் சொன்னது சரிதான். அடுத்த தடவை அந்த ஆளுங்க வந்தா என்ன சொல்லுவீங்க? உங்களைப் பிடிச்சு ஏதாவது கேஸ் போட்டா? எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

ஆய்வறிக்கை வந்ததும் உடனே எழுதுங்க. ஒரு வரி போதும்.

தையல் கடையை மூடிட்டாங்க. மேல இருக்கிற விலாசத்துக்கு எழுதுங்க. பெண்கள் விடுதி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இங்க தங்கியிருக்காங்க, அவங்க வாங்கி வைப்பாங்க.

தங்கச்சி


ஆகஸ்ட் 5

அண்ணாவுக்கு,

உங்ககிட்டேர்ந்து ஒண்ணுமே வரலையே. முட்டி மோசமா? இல்ல, போன கடிதத்துல கோவமா எழுதிட்டேன்னு வருத்தமா? எனக்குக் கோவம் எல்லாம் இல்ல. பயம்தான்.

வீடு இருக்குதா? அதை மட்டும் எழுதுங்க.

தங்கச்சி


ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நான் உங்கள் அண்ணனின் எதிர்வீட்டுக்காரன். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டும். முன் அறிமுகம் இல்லாமல் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதக்கூடாது என்று உங்கள் அண்ணன் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதை மீறியே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் நகராட்சியிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். வட்டமில்லாத பழைய வீடுகளின் கதவிலெல்லாம் "பாதுகாப்பற்ற கட்டடம், காலி செய்யவும்" என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வட்டம் என்றால் வீடு திடமாக உள்ளது, விட்டுவிடலாம் என்று பொருளாம். அதை அப்போதுதான் சொன்னார்கள். உங்கள் வீடு, பால்காரர் வீடு, போட்டோக்காரர் வீடு மூன்றிலும் அறிவிப்பு ஒட்டியாயிற்று. இங்கே வட்டம் இருந்தது என்று நானே சாட்சி சொன்னேன். "எங்களுக்குச் சுவர்தான் கணக்கு, சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மழை தொடங்குவதற்குள் காலி செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு யோசனை யாருடையது என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். பால்காரர் அவருடன் பேசுவதில்லை. போட்டோக்காரர் பேசினார், அதை எழுத முடியாது. உங்கள் அண்ணன் இப்போது தினமும் காலையில் தகவல் அலுவலரின் ஜன்னலுக்கு எதிரே உள்ள பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறார். மூன்று வீட்டுக்குமான ஆய்வறிக்கையைக் கேட்டு மேல்முறையீடு செய்திருக்கிறார். அந்த மனுவில் ஒரு கேலி வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. டீக்கடைக்கும் போவதில்லை.

நேற்று, "தங்கச்சிக்கு வீடு இருக்குன்னு எழுதணும் சார். இருக்குன்னு ஆனப்புறம்தான் எழுதணும்" என்றார். அதனால்தான் தங்களுக்கு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள எதிர்வீட்டுக்காரன்


செப்டம்பர் 11

அடி தொட்டாச்சிணுங்கி,

நான் சுகம், வீடு சுகம், கதவு சுகம். கதவுல ஒட்டின காகிதமும் சுகம்.

உன் தபால் வந்துச்சு. வாத்தியார் சொல்லிட்டாருன்னும் தெரிஞ்சுடுச்சு. அந்த மனுஷனுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. அத்தனை வருஷம் பரீட்சைக் கேள்வியை எப்படிப் பூட்டி வச்சாரோ! போய்ச் சண்டை போட்டேன். காப்பி குடுத்தாரு. குடிச்சுட்டுத் திரும்பச் சண்டை போட்டேன்.

சரி, சுண்ணாம்பு அடிச்சது தப்புதான். சொல்லிட்டேன். திரும்பச் சொல்லச் சொல்லாத.

வர்ற பதினெட்டாம் தேதி மேல்முறையீட்டு விசாரணை. பெரிய அதிகாரி முன்னாடி நிக்கணும். கோப்பு கிடைச்சுடும், கவலைப்படாத. கெடைக்கலைன்னா... கிடைச்சுடும்.

இப்பத்தான் எனக்கு மனு எழுத நல்லா வருது. அதனால உனக்கும் ஒண்ணு.

பெறுநர்: தகவல் அலுவலர் தொட்டாச்சிணுங்கி அவர்கள், பெண்கள் விடுதி.

ஒண்ணு: நீ உன் மகன் வீட்டை விட்டு எப்ப வந்த?
ரெண்டு: தபால் பெட்டியை யாரு ஒடைச்சது?
மூணு: விடுதியில தங்கியிருக்கிற அந்தத் "தெரிஞ்ச ஒருத்தங்க"ளோட மூச்சிரைப்பு எப்படி இருக்கு?

அனுமானம், காரணம் எதுவும் வேண்டாம். கையில இருக்கிற தகவலை மட்டும் குடு. சட்டப்படி நீ பதில் சொல்லியே ஆகணும்.

மனுதாரர்,
உன் அண்ணன்


அக்டோபர் 6

தகவல் அலுவலருக்கு,

என் மனுவுக்குப் பதில் வரல. கோப்பு தேடப்பட்டு வருதோ? மேல்முறையீடு போட எனக்குத் தெரியும்கிறதை ஞாபகம் வச்சுக்க. நீ சுகமா? இதையாச்சும் சொல்லு.

எங்க கோப்பு கிடைச்சுடுச்சு!

பதினெட்டாம் தேதி போனேன். வாத்தியாரும் கூட வந்தாரு, கோட்டுப் போட்டுக்கிட்டு. பெரிய அதிகாரி சின்னப்பையன், எனக்குப் பேரன் வயசு இருக்கும். "கோப்பு எங்கம்மா?"ன்னு அந்தக் கண்ணாடி அம்மாவைக் கேட்டாரு. "எல்லா ஆய்வுக் கோப்புலயும் தேடிட்டேன் சார்"ன்னு அதுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. எனக்கு மனசு கேக்கல. "அம்மா, சுவத்தைப் பாக்க வந்தவங்க கையில ஒரு பெயிண்ட் டப்பா இருந்துச்சாமே. அந்த டப்பா வாங்கின கோப்பு எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். அந்தம்மா எந்திரிச்சு ஓடுச்சு. பெயிண்டு, பிரஷ்ஷு, விளக்குமாறு வாங்கின கட்டுக்குள்ள எங்க மூணு வீட்டு அறிக்கையும் இருக்கு! பெயிண்ட்ல வட்டம் போட்டதால அது பெயிண்ட் சம்பந்தப்பட்டதாம். யாரோ ஒரு புத்திசாலி சேத்துக் கட்டிட்டான்.

பெரிய அதிகாரி சிரிச்சுட்டாரு. அப்புறம் என்னைப் பாத்து, "வட்டத்தை ஏன் அழிச்சீங்க பெரியவரே?"ன்னாரு. "ஏன்கிற கேள்விக்கு இந்தச் சட்டத்துல பதில் கிடையாதுங்களே"ன்னேன். வாத்தியார் என் காலை மிதிச்சாரு.

அந்த வாரமே ஒருத்தர் வந்து மூணு வீட்டையும் மறு ஆய்வு பண்ணி அறிக்கையைப் புதுசா எழுதினாரு, நகல் கைக்கு வந்தாச்சு. மூணு வீட்டுக்கும் "முன்கட்டு திடமாக உள்ளது"ன்னு போட்டு முத்திரை. வியாழக்கிழமை ஆள் வந்து கதவுல இருந்ததைக் கிழிச்சான், திரும்ப வட்டம் போட்டான். பால்காரர் ஒரு செம்புப் பாலோட வந்து ஒண்ணும் பேசாம வச்சுட்டுப் போனாரு. நாளைக்குப் பேசுவாரு.

உனக்கு முன் ரூமு. நல்ல வெளிச்சம், மிஷினுக்கு ஏத்த இடம். நான் ஹால்ல கதவோரமாப் படுத்துக்குறேன். முன் ரூமுக் காத்து எனக்கு ஆகல. அதுவுமில்லாம கண்டக்டருக்குப் படிக்கட்டுப் பக்கம் நின்னாத்தான் நிம்மதி.

எப்ப வர்ற?

உன் அண்ணன்


அக்டோபர் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி வணக்கம். உங்க மனு கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்கும் ஒரு கோப்பு வர வேண்டியிருந்தது.

கேள்வி ஒண்ணு: ஏப்ரல்ல வந்தேன். யாரும் போகச் சொல்லல. பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு நாள் குளிச்சுட்டு வந்து பாத்தா, என் கட்டிலை மடிச்சுப் பால்கனியில வச்சிருந்தாங்க. அந்த இடத்துல அவனுக்குப் படிக்கிற மேசை. நல்ல மேசை. நான் ஒண்ணும் கேக்கல, அவங்களும் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு எழுதியிருப்பேன். ஆனா நீங்க முதல்ல வட்டத்தைப் பத்தி எழுதிட்டீங்க. எனக்குப் போறதுக்கு இருந்தது அந்த வீடு ஒண்ணுதான்.

கேள்வி ரெண்டு: தபால் பெட்டி நல்லாத்தான் இருக்கு.

கேள்வி மூணு: இரைப்பு இருக்கு. விடுதியில மாடி ஏறணும்.

இப்ப என் கோப்பு. வாத்தியார் கடிதம் வந்த அன்னைக்கே நானும் நகராட்சிக்கு ஒரு மனு அனுப்பினேன். பாதி வீட்டுக்காரிங்கிற முறையில நம்ம வீட்டு அறிக்கையோட நகலைக் கேட்டேன். போன திங்கக்கிழமை வந்தது. உங்ககிட்ட இருக்கிற அதே காகிதம்தான். முன்கட்டு திடம்னு நீங்க எழுதின வரிக்கு அடுத்த வரியும் அதுல இருக்கு.

"பின் அறை: வெளிச்சுவரில் மேலிருந்து கீழாகப் பிளவு. சுவர் வெளிப்புறம் பிதுங்கியுள்ளது. மேற்படி பிளவின் மேல் அருவிப் படம் போட்ட நாட்காட்டி ஒன்று மாட்டப்பட்டுள்ளது. அறையில் எவரும் தங்கலாகாது. இடித்து அகற்றவும்."

மறு ஆய்வுக்கு வந்தவர் காலண்டரைத் தூக்கிப் பாத்திருக்கார் அண்ணா. அரசாங்கக் காகிதத்துல உங்க காலண்டர் ஏறிடுச்சு. ஏப்ரல்ல அந்த ஜன்னலைச் சீவி, ஜூன்ல அந்தப் பிளவைக் காலண்டரால மறைச்சு, "தாராளமா வைக்கலாம்"னு எழுதினீங்களே. அந்தச் சுவர் உங்க மேல விழுந்திருந்தா?

முன் ரூம் உங்க ரூம். காத்து ஆகலைன்னு சொல்றதெல்லாம் என்கிட்ட வேண்டாம். உங்க முட்டியை வச்சுக்கிட்டு ஹால் தரையில படுத்தா காலையில யார் தூக்கி விடுறது? முன் ரூம்லயே ரெண்டு கட்டில் போடலாம். நடுவுல ஒரு திரை நான் தச்சுக் கொண்டு வர்றேன். குறட்டை விட்டா திரையை விலக்கி ஸ்கேலால அடிப்பேன். இதுக்கு ஒத்துக்கிட்டா வர்றேன். இல்லைன்னா விடுதி மாடியே பரவாயில்ல.

பதில் எழுதுங்க. விளையாடாம எழுதுங்க.

தங்கச்சி


நவம்பர் 2

தொட்டாச்சிணுங்கி,

உன் பதில் வந்துச்சு. தகவல் முழுசா இருக்கு. மேல்முறையீடு இல்ல.

திரைக்கு ஒத்துக்குறேன். ஸ்கேலு மரத்துல வேண்டாம், பிளாஸ்டிக்கு.

பின் ரூமை இடிக்க ஆளுங்க திங்கக்கிழமை வர்றாங்க. ஒரு வாரம் தூசி பறக்கும், உன் மூச்சுக்கு ஆகாது. அது அடங்கினதும் வா. காலண்டரை எடுத்து முன் ரூமுல மாட்டிட்டேன். அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. நம்பலைன்னா வந்து தூக்கிப் பாரு.

பஸ்ஸை விட்டு எறங்குனதும் நேராப் பாரு. பெயிண்ட் அடிக்க வந்தவன்கிட்ட, "பெருசாப் போடு தம்பி, என் தங்கச்சிக்குக் கண்ணு மங்கல்"னு சொல்லித்தான் போட வச்சேன். இந்தத் தடவை தாடி இல்ல. நிறுத்தத்துலேர்ந்தே தெரியும்.

டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர் கேப்பாரு, போக மட்டுமா, போய் வரவான்னு. கையில பையை வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டு நிக்காத, பின்னாடி ஆளுங்க கத்துவாங்க. போக மட்டும்னு சொல்லு.

உன் அண்ணன்